துடைத்துவிட்ட எண்

போலீஸ் கணினி அறையில் புள்ளிக்காரி வரைந்த கோடுகள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை திரையை விட்டுத் தெருவுக்கு இறங்கின. அன்று தக்காளி விலையும் கொஞ்சம் ஏறியிருந்தது. யார் யாருக்குப் போன் பேசினார்கள் என்று பார்த்து, ஆளுக்கொரு புள்ளி, பேச்சுக்கொரு கோடு என்று வரைந்து கும்பல்களைக் கண்டுபிடிப்பது அவள் வேலை. இப்போது கோடுகள் சாம்பல் நிற நூலாக நெஞ்சுக்கு நெஞ்சு தொங்கின. ஜனங்கள் முதலில் குனிந்து போனார்கள், பிறகு அதிலேயே குடையை மாட்டிவைக்கப் பழகிக்கொண்டார்கள்.

சரக்கோடு லாரி கடத்தும் கும்பலின் நூல்கள் மட்டும் சந்தைக்கு மேலே ஒரு வெற்றிடத்தில் போய் முடிந்தன. காக்கைகள் அதைச் சுற்றிக்கொண்டு பறந்தன. "என்னம்மா இது, பேயா கும்பல் நடத்துது?" என்று சலித்துக்கொண்டார் பெரிய அதிகாரி.

அப்படிக் கடத்தப்பட்ட ஒரு லாரியோடு காணாமல்போன டிரைவரின் மனைவி தினமும் வந்து வராந்தா பெஞ்சில் உட்காருவாள். அவரைத் தேடிப் போன் போட்டதில் அவள் நெஞ்சிலிருந்து கிளம்பிய நூலும் அங்கேதான் போனது. "என் நூல் எங்க போய் முடியுதுன்னு மட்டும் சொல்லிடுங்க மேடம்," என்பாள்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு, கண்ணுகளா. கோடு போடுமுன் ஊழியர்களின் வீட்டார் போன் எண்களைக் கழித்துவிடுவார்கள், வீணாகக் குழப்புமே என்று. இதைப் புள்ளிக்காரியே ஒருமுறை சாப்பிடும்போது சிரித்துக்கொண்டு அண்ணனிடம் சொல்லியிருந்தாள்: "உன்னை நான் எப்பவோ துடைச்சுட்டேண்ணா." அப்பா அம்மா போனபின் லாரி ஓட்டி அவளைப் படிக்கவைத்தவன், இப்போது லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவன். "நான் என்ன பெரிய ஆளா பாப்பா," என்று அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தான்.

பெஞ்சில் இருந்தவளின் முகத்தைப் பார்த்து, அந்த வெற்றிடம் கழித்துவிட்ட எண்ணாக இருக்குமோ என்று புள்ளிக்காரி வீட்டார் எண்களைத் திரும்பச் சேர்த்தாள். சந்தைக்கு மேலிருந்த நூல்கள் மொத்தமும் நகர்ந்தன. அவள் ஒன்றைக் கையால் பிடித்துக்கொண்டே நடந்தாள். அது புக்கிங் ஆபீஸ் ஜன்னல் வழியாக நுழைந்து, அண்ணனின் சட்டைப்பைக்குள் இறங்கியது.

"நீதானே பாப்பா சொன்னே, துடைச்சுட்டேன்னு," என்றான்.

"அந்த டிரைவர் எங்கண்ணா?"

அவன் மேசையைப் பார்த்தான். பிறகு, "சாப்பிட்டியா?" என்றான்.

அவள் வெளியே வந்தாள். நேரே அதிகாரியிடம் போனாள். டிரைவரின் உடலைக் கல்குவாரித் தண்ணீரிலிருந்து எடுத்தார்கள். அவர் மனைவியின் நூல் அன்றே அறுந்தது. அண்ணன் சிறைக்குப் போனதும் மற்ற நூல்களும் முடிபோல உதிர்ந்தன, துப்புரவு வண்டி அள்ளிப்போனது. புள்ளிக்காரியின் நெஞ்சிலிருந்து போன ஒன்று மட்டும் விழவில்லை. அவள் எத்தனையோ கத்தரிக்கோலை அதில் மழுக்கினாள். கல்யாணமாகி வீடு மாறினாள், பிள்ளை பெற்றாள், நூலும் கூடவே வந்தது. சமையலறை ஜன்னல் வழியாகப் புறப்பட்டு, கூரைகளைத் தாண்டி, சிறைச்சாலை மதிலுக்குள் இறங்குகிறது. ஒருநாளும் அவனைப் பார்க்க அவள் போனதில்லை.

மாடிவீட்டுக்காரி போன மழைக்காலத்தில் கேட்டாள்: "அக்கா, இதுல துணி காயப் போடட்டுமா?"

"போடும்மா. கனமா எதுவும் போட்டுடாதே, அந்தப் பக்கம் இழுக்கும்."