மூன்றாவது வரி

கன்னிகா கொண்டுவந்த கிட்டாரை மடியில் வாங்கிய தீனா மாஸ்டர், சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வந்தவனைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, தந்தியெல்லாம் திருப்பிக் கட்டிக்கீது? உங்க ஊட்டுக்காரருக்கு இடது கைப் பழக்கமா?"

"இல்ல சார். சாப்பாடு, எழுத்து எல்லாம் வலது கைதான்."

பக்கத்து வீட்டுக்காரி என்று துணைக்குப் போன நான் சும்மா இருந்திருக்கலாம். "செல்லுல வீடியோ பாத்து அவரே கத்துக்கினாரு சார். கண்ணாடி பாக்கறாப்புல எதிர்ல உக்காந்துகினு, அந்தாளு எந்தப் பக்கம் புடிச்சானோ அந்தப் பக்கமே இவரும் புடிச்சாரு. அதுக்குத் தோதா தந்தியையும் மாத்திட்டாரு."

மாஸ்டர் சிரித்தார். கன்னிகா சிரிக்கவில்லை. நெஞ்சுவலி என்று உட்கார்ந்த அவள் புருஷன் கிரண்குமார் எழுந்திருக்காமலே போய் அன்றைக்கு ஐம்பது நாள்கூட ஆகவில்லை.

திருப்பதி கொர்லகுண்டாவில் எங்கள் இரண்டு போர்ஷனுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். நான் ஒட்டுக்கேட்கிற ஆள் இல்லை. மிக்ஸியை நிறுத்தினால் கேட்கிறது, அவ்வளவுதான். நான்கு வருடம் கேட்டது. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் கிரண்குமார், டீகூடக் குடிக்காமல் கிட்டாரை எடுப்பார். ஒரே பாட்டு. கல்யாண நாளுக்கு முழுசாக வாசித்துக் காட்டுவதாகப் பெண்டாட்டியிடம் சொல்லியிருந்தார். எந்த வருடக் கல்யாண நாள் என்று சொல்லவில்லை போலும். மூன்றாவது வரியில், விரல் மாறுகிற இடத்தில் சிக்கும். "ச்சே" என்பார். கிட்டார் கட்டையில் இரண்டு தட்டு. டொக், டொக். மறுபடியும் முதலிலிருந்து.

"ஒரு மாஸ்டராண்ட போனா இன்னா தம்பி?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"மாஸ்டர் தப்பைக் காட்டுவாருக்கா. செல்லு காட்டாது."

தீனா மாஸ்டர் தந்திகளைக் கழற்றி முறையாகக் கட்டினார். பழைய ஆறையும் கன்னிகா சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கையில் ஞானம் இருந்ததோ என்னவோ, நான்கே மாதத்தில் அந்தப் பாட்டுக்கு வந்துவிட்டாள். ஆனால் மூன்றாவது வரிக்கு வந்ததும் நிறுத்திவிடுவாள். துணி உலர்த்தும்போது மெதுவாக விசாரித்தேன்.

"அந்த எடம் வந்தா பயமா கீதுக்கா."

"கை வரலியா?"

"வந்துடும் போல கீது. அதான். நான் தாண்டிப் போய்ட்டா, அவரு அங்கியே நின்னுக்கினு இருப்பாரே."

அடுப்பில் குழம்பு தீய்கிறது என்று சொல்லி நான் உள்ளே வந்துவிட்டேன். அடுப்பையே நான் பற்றவைக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை மாலை, நடுச்சுவரில் அடித்திருந்த அலமாரியின் மரக்கதவில் சாய்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தேன். முதல் வரி வந்தது. இரண்டாவது. மூன்றாவதில் நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை. விரல் மாறியது. சிக்கே இல்லாமல் அடுத்த நாதம் விழுந்தது.

உடனே, டொக், டொக்.

கிட்டார் நின்றுபோனது. திரும்பிப் பார்த்தேன். என் கைதான். அலமாரிக் கதவின் மேல் இரண்டு விரல் மடங்கியிருந்தது. நான்கு வருடமாக அந்த இடத்தில் அவரோடு சேர்ந்து நானும் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், எனக்கே தெரியாது.

பிறகு கன்னிகாவின் குரல், சுவருக்கு வெகு அருகில்.

"இங்கதான் கீறீங்களா?"

ஊர்க்கதை முழுவதையும் வாயில் வைத்திருக்கிற எனக்கு, "நாந்தாண்டி, செல்வி" என்ற இரண்டு வார்த்தை வரவில்லை.

அவள் மூக்கை உறிஞ்சினாள். நாற்காலி நகர்ந்தது. பாட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது, இந்த முறை இன்னும் மெதுவாக. முதல் வரி. இரண்டாவது.

என் விரல்கள் மடங்கியபடியே இருந்தன. அவற்றுக்கும் மரத்துக்கும் நடுவே ஓர் அவரைக்காய் அகலம்.