வேட்பாளர் வீட்டு விண்ணப்பம்

மேஜைக்கடியில் மண்டியிட்டு, கிழிந்த தாளின் நான்காவது துண்டைத் தேடிக்கொண்டிருந்தாள் வேட்பாளரின் மனைவி. மூன்று கையில் இருந்தன. மணி நாலேகால். பள்ளி அலுவலகம் ஐந்துக்கு மூடிவிடும். மாநில ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுக்க இன்றுதான் கடைசி நாள். பள்ளி முத்திரை குத்திய விண்ணப்பம். வேறு தாள் கிடையாது.

கிழித்த மகானுபாவர் நிலைக்கண்ணாடி முன் நின்று பெண்ணுரிமை பேசிப் பழகிக்கொண்டிருந்தார்.

"ஆணுக்கு மைதானம், பெண்ணுக்கு அடுப்படி என்ற காலம் மலையேறிவிட்டது."

கண்ணாடியில் இருந்தவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி மறுபடியும் சொன்னார்.

கல்வியிலும் விளையாட்டிலும் பெண்ணுக்குச் சரிபாதி என்பதுதான் இந்தத் தேர்தலில் அவர் பிடித்த கொடி. சுவரொட்டியில் ஒரு பெண் ஓடுகிறாள். விலைக்கு வாங்கிய படம். நானூறு மீட்டரில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்த சொந்த மகளின் படம் வேண்டாம் என்றவரும் அவரே.

கால் மணி நேரம் முன்பு அந்த மகள் விண்ணப்பத்தை நீட்டியபோது தலைப்பை மட்டும் படித்தார். எதிலும் அவ்வளவுதான் படிப்பார்.

"ஊர்ப் பொண்ணுங்க ஓடட்டும்மா, நல்லதுதான். நம்ம வீட்டுப் பொண்ணு அரை டவுசரோட ஓடினா, பொண்ணு கேட்டு வர்றவன் என்ன நினைப்பான்?"

"அண்ணன் அரை டவுசர்லதானேப்பா பந்து உதைக்கிறான்?"

"அவன் ஆம்பளை."

தத்துவம் முடிந்தது. தாள் நாலாகியது.

நாலாவது துண்டு அவர் செருப்புக்கடியில்தான் கிடந்தது. "காலைக் கொஞ்சம் தூக்குங்க" என்றாள். பெருக்குகிறாள் என்று நினைத்துத் தூக்கினார். தெருவே 'ஜால்ரா' என்று அழைக்கும் அவருடைய உதவியாள் வாசலில் நின்று, இந்தப் பேச்சைக் கேட்டால் எதிர்க்கட்சிக்காரன் பொண்டாட்டியே நமக்குத்தான் ஓட்டுப் போடுவாள் என்று உருகினான். இருவரும் காரில் ஏறிப் போனார்கள்.

அந்தப் பேச்சை எழுதியவள் பசைநாடாவால் விண்ணப்பத்தை ஒட்டிக்கொண்டிருந்தாள். எம்.ஏ. படித்தவள். அவருடைய கடிதம், அறிக்கை, பள்ளி நிர்வாகக் குழுத் தலைவராக அவர் போடும் தீர்மானங்கள் எல்லாம் அவள் எழுத்து. அவர் பங்கு, கீழே கையெழுத்தாக ஒரு சுழி.

மகளை இழுத்துக்கொண்டு அவள் பள்ளிக்குள் நுழைந்தபோது மணி நாலே முக்கால். அடுத்த மைதானத்தில் அவருடைய கூட்டம் தொடங்கிவிட்டிருந்தது. ஒலிபெருக்கி ஜன்னல் வழியாக உள்ளே வந்து விழுந்தது.

விளையாட்டு ஆசிரியை ஒட்டுப்போட்ட தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சார் கையெழுத்து எங்கக்கா?"

"நான் போடுறேன்."

"செல்லாதுக்கா. பொண்ணுங்கன்னா அப்பா போடணும். காலையிலகூட ரெண்டு பேரைத் திருப்பி அனுப்பினேன்."

பையன்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவனவன் கையெழுத்தே போதும். அது அந்தப் பள்ளியின் நெடுநாள் வழக்கம். எங்கே எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

"தீர்மானக் கோப்பை எடுங்க. மூணு மாசம் முன்னாடி போட்டது. ஏழாவது."

ஆசிரியை தூசி தட்டிப் பிரித்தாள். போட்டிகளுக்குப் போகும் மாணவிகளின் விண்ணப்பத்தில் இனித் தாயின் கையெழுத்தே போதும் என்று இருந்தது. கீழே வேட்பாளரின் சுழி.

வெளியே ஒலிபெருக்கி முழங்கியது: "என் வீட்டிலும் ஒரு வீராங்கனை இருக்கிறாள். அவளை ஓடவிட்டது எது? இந்தக் கை." கைதட்டல் அடங்க வெகுநேரமானது.

மகள் அம்மாவைப் பார்த்தாள். "இது இருக்கும்போது அவர்கிட்ட ஏம்மா நீட்டச் சொன்ன?"

"அவரா போடுறாரான்னு பார்த்தேன்."

அவள் நிதானமாகத் தன் முழுப்பெயரை எழுதினாள். பிறகு ஆசிரியையிடம், "அந்த ரெண்டு பொண்ணுங்களோட அம்மாவுக்கும் போன் போடுங்க. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு" என்றாள்.

ஆசிரியை தொலைபேசியை எடுத்தபடி கேட்டாள்: "நிஜமாவே சாரா இதைக் கொண்டுவந்தாரு?"

"அவருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. கழிவறைக்குப் பெயின்ட், காம்பவுண்டுக்குக் கம்பின்னு பத்துத் தீர்மானம் இருந்துச்சு. நடுவுல இதைச் சொருகினேன். வரிசையா கையெழுத்துப் போட்டுட்டு, காபி கேட்டாரு."