ஒன்பதரைக்கு இடைவேளை

குன்னூர் பனிமலர் டாக்கீஸில் பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலாமணியின் இடது காதிலிருந்து, இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு ஆடி மாதத்து முதல் வியாழக்கிழமை காலை எட்டேகாலுக்கு, ஒரு சினிமா ஓடத் தொடங்கியது. அப்போது அவள் பஸ்ஸில் இருந்தாள். முதலில் பெயர் போடும் இசை, பிறகு ஒரு சண்டை. கண்ணாடி உடைந்தது, வில்லன் மூன்று தடவை சிரித்தான், யாரோ மாடியிலிருந்து விழுந்தார். டேப்பை நிறுத்தச் சொல்லி கண்டக்டர் டிரைவரிடம் கத்தினார். இந்த வண்டியில் டேப்பே கிடையாது என்றார் டிரைவர். பக்கத்து சீட்டுக்காரி வேலாமணியின் தலையைத் தொட்டுப் பார்த்து, காது சுடுகிறது என்று மட்டும் சொன்னாள். அந்த வாரம் பச்சைத் தேயிலை கிலோ ஐந்து ரூபாய்க்குக் கீழே போயிருந்ததால் ஊரில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை.

வேலாமணி அதற்கு முன் எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளியவள். தேயிலை விலை விழுந்ததும் வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை என்றார்கள். அவளும் மகள் மனிஷாவும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள். மகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள், தாய் டாக்கீஸுக்கு வந்தாள். டாக்கீஸ் முதலாளி பாலசுப்பிரமணியத்துக்குக் கோத்தகிரி சாலையில் ஒரு சின்ன டீ பாக்டரியும் இருந்தது. அது மூடிக் கிடந்தது. சம்பளம் இல்லாத சனம் படத்துக்கு எப்படி வரும்? அறுநூறு நாற்காலியில் நாற்பது பேர் உட்கார்ந்தார்கள். முதலாளி கோயம்புத்தூரிலிருந்து ஆள் உயரப் பெட்டிகளாக எட்டு ஸ்பீக்கர் வரவழைத்தார். ஆள் இல்லாத இடத்தைச் சத்தத்தால் நிரப்ப வேண்டும் என்பது அவர் கணக்கு. அதில் ஒன்றைச் சரியாகப் பெண்கள் வாசலுக்கு மேலே, டார்ச் பிடித்து வேலாமணி நிற்கும் இடத்தில் மாட்டினார். ஒரு நாளைக்கு நாலு காட்சி. படம் பார்க்க வந்தவர் இரண்டரை மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார். அவள் எங்கே போவாள்?

சத்தத்தின் அளவை முடிவு செய்தது ஆபரேட்டர் அயூப். வெள்ளிக்கிழமை புதுப்படம் வந்ததும் காலிக் கொட்டகையில் ஒரு ரீலை ஓடவிட்டு, கடைசி வரிசையில் நின்று கேட்பார். போதாது என்று பட்டால் மேலே ஆபரேட்டர் அறைக்குப் போய்ச் சத்தத் திருகைக் கூட்டுவார். அவருடைய வாப்பா காலத்திலிருந்து அப்படித்தான். நல்ல வழக்கம்தான், கேட்கும் காது நல்லபடி இருக்கும்வரை. அயூப்பின் காது கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டு வந்தது, திருகும் நாலிலிருந்து ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஏறியது. ஆண்கள் வாசலில் நின்ற அழகர்சாமிக்கும் கேண்டீன் ஜெஸிந்தாவுக்கும் வேலாமணிக்கும் அதே அளவில் காது மந்தமானதால், சத்தம் எப்போதும்போலத்தான் இருக்கிறது என்று நாலு பேரும் அடித்துச் சொன்னார்கள்.

இப்படி உள்ளே போனதெல்லாம் எங்காவது தங்கத்தானே வேண்டும்? நிரம்பியதும் வெளியே வழிந்தது. மறு மாதத்துக்குள் நாலு பேர் காதும் ஓடத் தொடங்கின. ஜெஸிந்தாவின் காதில் பாட்டுகள், அழகர்சாமியின் காதில் கார் துரத்தல். எல்லாருக்கும் ஆரம்பம் காலை எட்டேகால், இடைவேளை ஒன்பதரை. காது ஓடும்போது வேறெதுவும் கேட்காது. ரயில் கூவுவதோ, தகரக் கூரையில் மழை விழுவதோ, கூப்பிட்ட குரலோ எதுவும் இல்லை. இடைவேளை மணி அடித்துப் பத்து நிமிடம் மட்டும் உலகம் கேட்கும்.

வேலாமணிக்கு அந்தப் பத்து நிமிடம்தான் மகள். ஞாயிறு காலை மனிஷா திருப்பூரிலிருந்து பஸ் ஸ்டாண்டு டெலிபோன் பூத்துக்குப் பேசுவாள். முதல் இரண்டு வாரம் தாய் எடுத்ததும் மகளுக்குக் கேட்டது வில்லன் சிரிப்புதான். "எப்பப் பாரு தியேட்டருக்குள்ளயே கெடக்கறயா நீயி?" என்று கோபித்துக்கொண்டு போனை வைத்தாள். விவரம் தெரிந்தபின் சரியாக ஒன்பது முப்பதுக்குக் கூப்பிட்டாள். மணி அடிக்கும்வரை காத்திருந்து, "அம்மா, சோறு உண்டயா?" என்று ஆரம்பிப்பாள். பத்து நிமிடத்தில் தாயும் மகளும் ஒரு வாரத்தைப் பேசி முடித்தார்கள்.

ஆனால் ஒவ்வொரு புதுப்படமும் உள்ளே புகுந்து இடத்தைப் பிடித்தது. தீபாவளிக்கு இடைவேளை ஏழு நிமிடமாகச் சுருங்கியது, பொங்கலுக்கு நாலாக. பங்குனியில் ஒரு ஞாயிறு மனிஷா, "அம்மா, எனக்கொரு மாப்ள பாத்து..." என்று தொடங்கிய இடத்தில் இரண்டாம் மணி அடித்து, தாயின் காதில் போலீஸ் ஜீப் வந்துவிட்டது. வேலாமணி பூத் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு நிமிடம். பூத்துக்காரர் முன்னாலேயே வாய்விட்டு அழுதாள், அவள் அழுகை அவளுக்கே கேட்கவில்லை.

அன்றைக்கே முதலாளியிடம் போனாள். "ஏனுங்க, சத்தத்தக் கொஞ்சம் கொறைக்கோணுங்க. நம்ம பாக்டரி பீரோவுல காது மூடி பன்னெண்டு கெடக்குதுங்க. இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு மட்டும் எடுத்து மாட்டுவாங்க, நாங் கொழுந்து போட வந்தப்பப் பாத்திருக்கறேன். அதையாச்சும் குடுங்க."

முதலாளி சொன்னதை அப்படியே எழுதுகிறேன், படிப்பவர்கள் பல்லைக் கடித்துக்கொள்ளட்டும். வேலைக்காரர்களே காதை மூடிக்கொண்டு நின்றால் பார்க்க வந்தவன் டாக்கீஸைப் பற்றி என்ன நினைப்பான் என்றார். அதோடு, காசு கொடுத்து வாங்கிய படத்தை நீங்கள் காதில் வைத்து வெளியே கொண்டுபோய் பஸ்ஸில் ஓசியில் ஓட்டுகிறீர்கள் என்றார். பாக்டரி வாசலில் தூள் திருடுகிறார்களா என்று பையைச் சோதித்த பழக்கம் அவருக்கு. மறுநாளிலிருந்து வெளிவாசலில் ஒரு பஞ்சு டப்பா வைத்தார். வீட்டுக்குப் போகும்போது ஆளுக்கு இரண்டு உருண்டை அடைத்துக்கொண்டு போக வேண்டும், உள்ளே வரும்போது எடுத்துவிட வேண்டும். சரக்கைக் காப்பாற்றப் பஞ்சு இருந்தது, காதைக் காப்பாற்ற இல்லை. இந்த அநியாயத்தை ஊரில் பலர் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அவர்களையும் நான் மன்னிப்பதாக இல்லை.

இரண்டு மாதம் பொறுத்தார்கள். வைகாசியில் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நாலு பேரும் பஞ்சை எடுத்துவிட்டு, மூடிய பாக்டரியில் முதலாளி உட்காரும் சின்ன ஆபீசுக்குள் போய் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஜெஸிந்தா கதவைச் சாத்தினாள். எட்டேகாலுக்கு நாலு படமும் ஒன்றாகத் தொடங்கின. முதலில் மேசைமேல் டீக் கிளாஸ் நகர்ந்தது. பிறகு சுவரிலிருந்து காலண்டர் விழுந்தது, ஜன்னல் கண்ணாடி இரண்டு விரிசல் விட்டது. மேல்மாடியில் மூன்று வருடமாகப் படிந்திருந்த தேயிலைத் தூசி பழுப்பு மழையாகக் கொட்டியது. முதலாளி இரண்டு கையாலும் காதைப் பொத்தினார், மேசைக்கு அடியில் குனிந்தார், வாயைத் திறந்து திறந்து மூடினார். ஒன்பதரைக்கு நாலு மணியும் சேர்ந்து அடித்தன.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று அவர் கத்தியது அப்போதுதான் எல்லாருக்கும் கேட்டது.

"நிறுத்தற திருகு எங்க காதுல இல்லீங்க. உங்க டாக்கீஸ்லதான் இருக்குது" என்றாள் வேலாமணி.

முதலாளி அயூப்பைப் பார்த்தார். "எனக்குக் கேக்கற அளவுக்குத்தான் வெச்சேன் மொதலாளி. எனக்குக் கேக்கலன்னு எனக்கே தெரியலியே" என்று அயூப் தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு நிமிடம் அதற்குள் தீர்ந்து, மறுபாதி தொடங்கிவிட்டது.

மத்தியானத்துக்குள் பீரோ திறந்தது. பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாத பன்னிரண்டு காது மூடிகள். சத்தத் திருகில் நாலாம் எண்ணுக்கு நேரே ஜெஸிந்தா தன் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டாள். அதைத் தாண்டக் கூடாது. வாசலுக்கு மேலிருந்த ஸ்பீக்கர் இறங்கியது. ஒரு காட்சி உள்ளே நின்றவர் அடுத்த காட்சி வெளியே டிக்கெட் கவுன்டரில் என்று முறை வைத்தார்கள். வருடம் ஒருமுறை கோயம்புத்தூரிலிருந்து காது டாக்டர் வந்தார். சத்தத்தைக் குறைத்ததால் கூட்டம் குறையவில்லை. அதே நாற்பது பேர் வந்தார்கள், வசனம் புரிகிறது என்றார்கள்.

முதல் வருடம் வந்த டாக்டரிடம் வேலாமணி ஒன்றுதான் கேட்டாள், பழைய பத்து நிமிடம் திரும்புமா என்று. டாக்டர் பொய் சொல்லத் தெரியாதவர். போனது போனதுதான், காது மூடி இருப்பதைக் காக்கும், போனதைக் கொண்டுவராது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். முதலாளி எட்டு மாதம் முன்னதாக அந்த பீரோவைத் திறந்திருந்தால் பத்தும் அவளிடம் இருந்திருக்கும்.

தேயிலை பிறகு கொஞ்சம் ஏறியது, மறுபடி இறங்கியது. டாக்கீஸ் இப்போது கல்யாண மண்டபம். வேலாமணியின் காது இன்றும் காலை எட்டேகாலுக்குத் தொடங்குகிறது. பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர சீட்டை விட்டுக் கொடுக்கிறார்கள், இடது காது வெளிப்பக்கம் இருக்கட்டும் என்று. இரண்டு நிமிடம் இரண்டு நிமிடமாகவே நிற்கிறது. ஞாயிறு ஒன்பதரைக்குத் திருப்பூரில் மனிஷா போனைக் கையில் வைத்துக்கொண்டு இடைவேளை மணிக்குக் காத்திருக்கிறாள். மணி அடித்ததும் அவள் பேசுவதில்லை. தன் மகளைத் தூக்கி போனுக்கு நேரே பிடிக்கிறாள், "அம்மாயி" என்று பாட்டியைக் கூப்பிடுகிறது குழந்தை, இரண்டாம் மணி அடிக்கும்வரை வேலாமணி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.