உள்ளே போனது வெளியே வர வேண்டும்

பழைய வேன் ஆறு வாரத்துக்கு முன் நடுரோட்டில் நின்றுபோனது. மெக்கானிக் அடியில் புகுந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அன்றிலிருந்து தச்சரின் மகள் வாசல்படி தாண்டவில்லை. மோட்டார் வைத்த அவளுடைய சக்கர நாற்காலி மடங்காது. டாக்சிக்காரர்கள் அதைப் பார்த்ததுமே வேறு சவாரி இருக்கிறது என்று கழன்றுகொண்டார்கள். பத்தொன்பது வயது. வீட்டில் எல்லோரையும் அதட்டி வேலை வாங்குவதால் 'மேனேஜர்' என்று பட்டம். வரும் திங்கட்கிழமை நூலகத்தில் நிஜமான வேலையில் சேர வேண்டும். வண்டி இல்லையென்றால் வேலையும் இல்லை.

தச்சர் அலட்டிக்கொள்ளவில்லை. அளவு எடுப்பதில் தன்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று அவருக்கு நினைப்பு. அதில் முக்கால்வாசி உண்மையும்கூட. கனத்த நாற்காலியை வண்டி விற்கும் கடைகடையாக இழுப்பானேன் என்று, மகள் அதில் உட்கார்ந்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அந்த அளவில் சட்டங்களால் ஒரு கூடு செய்தார். எட்டே போல்ட். கழற்றினால் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளலாம்.

நாலாவது கடையில் வெள்ளி நிறத்தில் உயரமான வண்டி ஒன்று பளபளத்தது. தச்சர் சட்டங்களோடு உள்ளே ஏறி, போல்ட் போட்டுக் கூட்டை மாட்டினார். நாலு பக்கமும் விரலிடை மிச்சம்.

"பாத்தியா? அளவெடுத்துத் தைச்ச மாதிரி உக்காருது!" என்றார் மனைவியிடம்.

"மேனேஜர் சொல்லட்டும்" என்று அவள் வீட்டிலிருந்த மகளுக்கு வீடியோ போட்டாள்.

"கூட்ட வெளிய எடுங்கப்பா."

தச்சர் ஸ்பானரை போல்ட்டில் வைத்தார்.

"கழட்டாம."

இழுத்தார். மேல்சட்டம் கதவில் இடித்தது. சாய்த்தார். பக்கச்சட்டம் இடித்தது. விற்பனையாளர் மேற்கூரையை ஆராய ஆரம்பித்தார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னையும் பாகம் பாகமாக் கழட்டி உள்ள வச்சுத்தான் மாட்டப்போறீங்களா?"

தச்சருக்கு முகம் சுண்டிப்போயிற்று. முப்பது வருஷமாக ஊரார் கட்டில்களை அறைக்குள் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்த கை, பழக்கத்தில் செய்துவிட்டது. கட்டில் உள்ளே போனால் போனதுதான். மகள் தினமும் ஏறி இறங்க வேண்டியவள். அதை மறந்தோமே என்று வெட்கமாக இருந்தது.

"அம்மா, போனைத் திருப்பு. மூலையில சப்பை மூஞ்சியா நிக்குதே, அது என்ன?"

பார்சல் ஏற்றிய வேன். அழகு என்று சொல்ல வாய் வராது. ஆனால் தரை தாழ்வு. பின்னால் இரண்டு கதவும் வண்டியின் பக்கவாட்டோடு ஒட்டிக்கொள்ளும்படி முழுசாக விரிந்தன.

"அது சரக்கு வண்டிம்மா" என்றார் தச்சர்.

"நான் மட்டும் என்ன லேசா?"

கூடு கழற்றாமலே உள்ளே போனது, வந்தது. தச்சர் நம்பாமல் மூன்று தடவை செய்து பார்த்தார். அதையே வாங்கினார்கள்.

திங்கட்கிழமை காலை, தானே செய்த சாய்வுப் பலகையை வேனின் பின்னால் போட்டார். ஒரே பலகை, ஒரு போல்ட் கிடையாது. பிடித்துக்கொள்ளக் கை நீட்டினார்.

"கைய எடுங்கப்பா."

எடுத்தார். மகள் விர்ரென்று ஏறினாள். நூலக வாசலில் அதே மாதிரி இறங்கினாள்.

"அஞ்சு மணிக்கு வந்துடணும். லேட்டாக்கக் கூடாது."

"சரிங்க மேனேஜர்" என்றார் தச்சர். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை.