வெயிலுக்கு வந்த தெர்மாமீட்டர்

அந்தப் போர் விமானத் தளத்தில் வெயிலில் இறங்கவே கூடாது என்று எழுத்துபூர்வமாக உத்தரவு வாங்கியிருந்த ஒரே ஜீவன் தெர்மாமீட்டர்தான். விலை உயர்ந்த கருவி, சூடு பட்டால் கெட்டுவிடும் என்று ஸ்டோர் அதிகாரி ஆணை போட்டிருந்தார். ஆகவே அது ஏசி போட்ட பரிசோதனை அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், அரக்கு சீலோடு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். எரிபொருளின் சூடு தெரிய வேண்டுமா? எரிபொருள்தான் அதைத் தேடி வர வேண்டும்.

எரிபொருள் லாரியிலிருந்து ஒரு பாட்டில் பிடித்து வந்து மேஜையில் வைப்பார்கள். ஸ்டோர் அதிகாரி வந்து தன் கையால் சீலை உடைக்க வேண்டும். அவர் வர ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் பாட்டில் அறையின் சுகத்துக்குப் பழகிப்போயிருக்கும். இருபத்து மூன்று டிகிரி. கோடையிலும் இருபத்து மூன்று, கொளுத்தும் கோடையிலும் இருபத்து மூன்று. அதைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது லேப் அம்மாவின் வேலை.

ஆரம்பத்தில் ஒரு தடவை அவள் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள்.

"சார், இது எண்ணெயோட சூடு இல்ல. இந்த ரூமோட சூடு."

ஸ்டோர் அதிகாரி ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "ரூமும் நம்ம தளத்துக்குள்ளதானேம்மா இருக்கு?" என்றார்.

அவள் பேனாவைத் திறந்தாள். கையெழுத்துப் போட்டாள். இரண்டு வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வம்பு புது விமானங்களோடு வந்தது. பழைய விமானம் எரிபொருளைக் குடிக்கும், பறக்கும், அவ்வளவுதான். புதிதுகளுக்கு உடம்பெல்லாம் கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டரின் சூட்டைத் தணிக்க, டாங்கில் இருக்கும் எரிபொருளையே அதைச் சுற்றி ஓடவிடும். எரிபொருள் நாற்பது டிகிரியைத் தாண்டினால் எனக்கு மயக்கம் வருகிறது என்று படுத்துவிடும். சென்ற வாரம் மேலிடத்துப் பெரியவர்கள் குடைக்கடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது சரியாக அதுதான் நடந்தது. ஓடுபாதையின் முனைவரை கம்பீரமாக வந்த விமானம் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. டிராக்டர் கட்டி இழுத்துப் போனார்கள். பெரியவர்கள் அதற்கும் கை தட்டினார்கள்.

விசாரணை வைத்தார்கள். பதிவேட்டில் இருபத்து மூன்று இருக்கிறது. விமானத்துக்குப் போகும்போது சூடாக இருந்திருக்கிறது. அப்படியானால் நடுவில் யாரோ சூடாக்கியிருக்க வேண்டும். நடுவில் இருந்தது லாரி டிரைவர் மட்டும்தான். அவன் லேப் அம்மாவின் கொழுந்தன். அன்றைக்கே சஸ்பெண்ட். விசாரணையில் குற்றம் உறுதியானால் வேலையே போய்விடும்.

"அண்ணி, மொத்தமே எண்ணூறு மீட்டர் ஓட்டுறேன். லாரிக்கு அடியில அடுப்பு மூட்டிக்கிட்டா ஓட்டுறேன்?" என்றான் அவன், வீட்டில்.

அவன் மனைவி, லேப் அம்மாவின் ஓரகத்தி, தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே பேசினாள்.

"அக்கா, அந்தப் பதிவேட்டுல யார் கையெழுத்துன்னு விசாரிச்சேன். ரொம்ப அழகான கையெழுத்தாமே?"

லேப் அம்மா பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தாள்.

"நீங்க உண்மையச் சொன்னா உங்க வேலை போகும். சொல்லலைன்னா இவரு வேலை போகும். எப்படியும் வீட்டுல ஒருத்தர் மிச்சம். நல்ல ஏற்பாடுதான். இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

"போதும்."

"எது போதும், சோறா, நான் பேசுறதா?"

"ரெண்டும்தான். நாளைக்குச் சொல்லிடுறேன்."

மறுநாள் விசாரணை. இடம் அதே ஏசி அறை. தளத் தலைமை அதிகாரி நடுவில், ஸ்டோர் அதிகாரி பக்கத்தில், கொழுந்தன் சுவரோரம்.

"பதிவேடு தப்பு சார்," என்றாள் லேப் அம்மா.

"கையெழுத்து உங்களோடதுதானே?"

"கையெழுத்து என்னோடது. நம்பர் ஏசியோடது."

"ஆதாரம்?"

"முற்றத்துல லாரி நிக்குது. வந்து அளந்து பாருங்க."

தலைமை அதிகாரி ஜன்னலைப் பார்த்தார். "மத்தியானம் ரெண்டு மணிக்கா? நாங்களும் மனுஷங்கதானேம்மா."

"லாரி காலையிலேருந்து நிக்குதே சார்."

"அது லாரி."

லேப் அம்மா எழுந்தாள். கண்ணாடிப் பெட்டியிடம் போனாள். அரக்கைக் கட்டைவிரலால் ஒரே அமுக்கு.

"அம்மா! சீல்! சீல்!" ஸ்டோர் அதிகாரி பின்னாலேயே ஓடினார். நிழல் முடிகிற வாசற்படிவரை வீராவேசமாக ஓடினார். அங்கே நின்றுவிட்டார்.

கரும்பச்சை லாரியின் ஏணி கையைச் சுட்டது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ஏறினாள். மூடியைத் திறந்ததும் நெடி முகத்தில் அடித்தது. தெர்மாமீட்டரை நூலில் கட்டி இறக்கி, நிதானமாகக் காத்திருந்து, எடுத்துப் படித்தாள்.

"ஐம்பத்தொண்ணு சார்!"

"செல்லாது!" என்று வாசற்படியிலிருந்து குரல் வந்தது. "அறைக்கு வெளியே எடுத்த அளவு எதுவும் செல்லாது! முதல்ல அதை உள்ள கொண்டாங்க, அதுக்கு வெயில் ஆகாது!"

தலைமை அதிகாரியும் அதையே சொன்னார். அளவு பதிவு செய்யப்படவில்லை. கொழுந்தன் சுவரோடு சுவராகச் சரிந்தான். ஸ்டோர் அதிகாரி மட்டும் சும்மா இருக்கவில்லை. கோபத்தோடு லேப் அம்மாமீது குற்றக் குறிப்பு எழுத ஆரம்பித்தார்: அரசுக் கருவியை அனுமதியின்றிச் சூட்டுக்கு உட்படுத்தியது.

லேப் அம்மா அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"எவ்வளவு சூடுன்னு எழுதலையே சார். வெறுமனே சூடுன்னா கேஸ் நிக்காது. நானே தப்பிச்சுடுவேன்."

"தப்பிச்சுடுவீங்களா? அதையும்தான் பார்க்கலாம்!" ஐம்பத்தொரு டிகிரி என்று அழுத்தி எழுதினார்.

"எந்த இடத்துல, எத்தனை மணிக்கு?"

எழுதினார்.

"லாரி ஓடிக்கிட்டிருந்ததா, நின்னுக்கிட்டிருந்ததான்னு கேப்பாங்க சார்."

"காலை முதல் ஓட்டப்படாமல் நின்றிருந்த லாரியின் எரிபொருளுக்குள்," என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதி, மூன்று பிரதி எடுத்து, மூன்றிலும் சீல் குத்தி, ஒன்றைக் கையோடு மேலிடத்துத் தபாலில் சேர்த்துவிட்டு, ஒன்றை அவள் கையில் திணித்தார். அவள் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டாள். அழகாகவே போட்டாள். பிறகு அந்தத் தாளை அப்படியே தலைமை அதிகாரி முன்னால் வைத்தாள்.

"என் கொழுந்தன் கேஸுக்கு இது ஆதாரம் சார். நான் எடுத்த அளவு இல்ல. சார் எழுதினது. சீல் இருக்கு."

தலைமை அதிகாரி படித்தார். மறுபடி படித்தார். ஸ்டோர் அதிகாரியை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கு ஸ்வெட்டருக்குள் வியர்த்தது.

"இதைக் கிழிச்சுடலாமே?" என்றார் ஸ்டோர் அதிகாரி மெதுவாக.

"மூணாவது பிரதி தபால்ல போயிருச்சேய்யா, மேலிடத்துக்கு," என்றார் தலைமை அதிகாரி.

கொழுந்தன் அடுத்த திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தான். லாரிக்கு வெள்ளைப் பெயின்ட் அடிக்க ஒரு குழு அமைத்தார்கள்; எந்த வெள்ளை என்று குழு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. லேப் அம்மாமீதான குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமானது. பதிவேட்டுப் பொறுப்பைப் பிடுங்கி, அவளை முற்றத்துக் காவல் அறைக்கு மாற்றினார்கள். அங்கே ஏசி கிடையாது.

"நிக்கிற லாரின்னு அந்த ஆளையே எழுத வச்சீங்களாமே?" என்றாள் ஓரகத்தி, சோறு போடும்போது.

"ஆமா."

"இவ்வளவு சாமர்த்தியத்த ரெண்டு வருஷமா எந்தப் பெட்டியில பூட்டி வச்சிருந்தீங்கக்கா?"

லேப் அம்மா தட்டை நீட்டினாள். ஓரகத்தி கேட்காமலே இன்னொரு கரண்டி போட்டாள்.