ஈரத் துணியோடு போன சனிக்கிழமைகள்

வெர்னாவின் வீட்டில் துணி உலர்த்தும் டிரையர் அந்தக் குளிர்காலத்தில்தான் மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஓடும், சூடும் வரும், மணியடித்து நிற்கும். கதவைத் திறந்து கையை விட்டால் துண்டெல்லாம் சொதசொதவென்று கிடக்கும். திரும்ப ஓட்டினாலும் அதே கதிதான். வெளியே போட்டுக் காயவைக்கிற பேச்சுக்கே இடமில்லை. நார்த் டகோட்டாவில் ஜனவரி மாதம் கொடியில் போட்ட சட்டை பலகை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும்.

மெஷின் சங்கதியெல்லாம் அவள் புருஷன் லைல் பார்த்துக்கொண்டது. அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அரிசோனாவிலிருந்து போன் பேசிய மகன் கர்ட், பழசைத் தூக்கிக் கடாசிவிட்டுப் புதுசு வாங்கச் சொன்னான். சரிப்பா, சரிப்பா என்று கேட்டுக்கொண்டாளே தவிர வாங்கவில்லை. லைல் தோள் கொடுத்து நிலவறைக்கு இறக்கிய மெஷின் அது. ஈரத் துணியைக் கூடையில் அள்ளி வண்டியில் போட்டுக்கொண்டு, டவுனில் இருக்கும் சலவைக்கடைக்குப் போனாள். காசு போட்டால் ஓடும் மெஷின்கள் அங்கே வரிசையாக நிற்கும்.

அங்கேதான் அந்த மனிதரைப் பார்த்தாள். எழுபதைத் தாண்டியவர். தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தார். சனிக்கிழமை காலை தவறாமல் ஒரு மூட்டைத் துணியோடு வருவார். முதல் வாரம் பனியைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். அடுத்த வாரம், வெர்னா பெரிய படுக்கை விரிப்பை மோவாயில் இடுக்கிக்கொண்டு மடிக்கத் திண்டாடுவதைப் பார்த்து, அவர் ஒன்றும் கேட்காமல் எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்தார். இருவரும் இழுத்து உதறி, கிட்டே வந்து, விளிம்போடு விளிம்பு சேர்த்தார்கள். அவர் விரல் அவள் விரலில் பட்டது. விரிப்பைக் கூடையில் வைக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் பிளாஸ்கில் காபி கொண்டு வருவார். அவள் எலுமிச்சை பார் என்கிற இனிப்புக் கேக் சுட்டு எடுத்துப் போவாள். பேரைச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டிய நேரம் தாண்டிப்போய், இனிமேல் கேட்டால் அசிங்கம் என்றும் ஆகிவிட்டது.

பிப்ரவரியில் ஒருநாள் அவராகவே பேச்சை எடுத்தார்.

"உங்க மெஷின் சூடாகுதா?"

"சூடெல்லாம் நல்லாத்தான் ஆகுது. துணிதான் காய மாட்டேங்குது."

"அப்ப மெஷின் மேல குத்தமில்ல. ஈரக் காத்து வெளிய போக வழியில்லாம உள்ளயே சுத்துது. பின்னாடி ஒரு குழாய் சுவர் வழியா போகும் பாருங்க, அதுல பஞ்சு அடைச்சிருக்கும். நான் வேணா வந்து பாத்துத் தரட்டுமா?"

வெர்னா சட்டென்று வேண்டாம் என்றுவிட்டாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தெரியாத ஆளை வீட்டுக்குள் விடுவதா என்ற பயமா, லைலின் சாமான்கள் அப்படியே கிடக்கும் நிலவறையை இன்னொருவர் பார்ப்பதா என்ற கூச்சமா? அவர் தலையை ஆட்டிவிட்டு, தன் காலுறைகளை ஜோடி சேர்க்கத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் மனசு கேட்காமல் நிலவறைக்கு இறங்கினாள். மின்சாரச் செருகியைப் பிடுங்கிவிட்டு, மெஷினை இப்படியும் அப்படியும் அசைத்து முன்னால் இழுத்தாள். வெள்ளிக் காகிதம் போல் மடிப்பு மடிப்பான குழாய் ஒன்று பின்னால் இருந்தது. வளையத்தைத் தளர்த்தி அதைக் கழற்றி உள்ளே கையை விட்டாள். வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. சாம்பல் நிறத்தில் நமத்த பஞ்சு, கம்பளி மாதிரிச் சுருள் சுருளாக. அடியில், குழாய்த் தகட்டோடு ஒட்டியிருந்த படலம் மட்டும் சிவப்பாக இருந்தது. லைல் குளிர்காலம் முழுக்கக் கழற்றாமல் போட்டுக்கொண்டிருந்த சிவப்புக் கட்டம் போட்ட சட்டையின் நிறம். சட்டையை அவள் எப்போதோ தேவாலயத்துக்குக் கொடுத்தாயிற்று. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, அந்தச் சிவப்புப் பஞ்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு எல்லாவற்றையும் சேர்த்துக் குப்பைப் பையில் போட்டுவிட்டு, குழாயைத் திரும்ப மாட்டினாள். வெளியே போய், சுவரில் குழாய் முடியும் இடத்தில் உறைந்து மூடிக்கிடந்த மூடியைத் துடைப்பக் கட்டையால் தட்டித் திறந்தாள்.

அன்று துண்டுகள் மொறுமொறுவென்று காய்ந்தன. சூடாக எடுத்து மடித்து அடுக்கினாள். சொல்லிச் சந்தோஷப்பட ஆள் இல்லை. கர்ட்டுக்குப் போன் போட்டாள், அவன் எடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை போகவில்லை. போவதற்குக் காரணம் இல்லையே. அதற்கடுத்த வாரம் பனிப்புயல். அப்புறம் ஒருநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, காய்ந்த துணியையே கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவர் வரவில்லை. கடை நடத்தும் ட்ரூடிதான் விஷயத்தைச் சொன்னாள். பனியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடியாம். மகள் வந்து ஃபார்கோவில் இருக்கும் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாளாம், அறையையும் காலி பண்ணியாயிற்றாம். ஹார்லன் என்று அவர் பேரை ட்ரூடி வாயால்தான் வெர்னா கேட்டாள். மகளின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடி போன் போட்டாள்.

மகள்தான் எடுத்தாள். அப்பா தூங்குவதாகச் சொன்னாள்.

"யாரு பேசினதா சொல்லட்டும்?"

வெர்னா என்று சொன்னால் அவருக்கு எப்படித் தெரியும்?

"சலவைக்கடையில நாங்க பாத்துக்குவோம்மா. துணி காயலன்னு வருவேனே, அந்த அம்மான்னு சொல்லு, தெரியும்."

"சரி, சொல்றேன். வேற ஏதாவது?"

"இப்ப நல்லாக் காயுதுன்னு சொல்லு. அவர் சொன்ன மாதிரி குழாய்லதான் அடைச்சிருந்துது." கொஞ்சம் தயங்கினாள். "என் பேரு வெர்னா. அதையும் சொல்லிடும்மா."

மகள் பேரைத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனை வைத்தாள்.

அன்று அவர் கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. வெர்னா பாத்திரம் கழுவும்போது மட்டும் தண்ணீரைச் சன்னமாகத் திறந்துவிட்டுக்கொண்டாள், மணியடித்தால் காதில் விழவேண்டும் என்று.