மூன்றாம் எண்ணில் வைத்த துப்பாக்கி

1

இந்தக் கதையை நான் திருடினேன். ரோஸ்மைனார் வீட்டுக் கூடத்தில், விருந்துப் பாயில் உட்கார்ந்து, சுண்ட வதக்கிய ரெண்டாங் கறியைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தபோது கண்ணெதிரே நடந்ததை அப்படியே மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கடல் தாண்டிய இந்தத் தீவில், மேடானில் பிறந்து, துணி விற்கப் பரியாமானுக்கு வந்து, இங்கேயே தங்கிப்போன தமிழன் நான். இத்தனை வருஷத்தில் இந்த ஊர்க்காரர்கள் என்னிடம் எவ்வளவோ துணி கடன் சொல்லி வாங்கியிருக்கிறார்கள். ஒரு கதை எடுத்துக்கொண்டால் குறைந்தா போய்விடுவார்கள்?

இருந்தாலும் ரோஸ்மைனாரின் புருஷன் எர்மிசோனிடம் ஒரு வார்த்தை கேட்டேன்.

"எழுதுங்கண்ணே. ஆனா என்னைப் பாவமா மட்டும் காட்டிடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்றான்.

பாவமா! அவனா! அவனைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

2

முதல் தொடக்கம்: "தென்னந்தோப்பின் உச்சியில் காலைச் சூரியன் பொன்னை உருக்கி..." [வேண்டாம். அன்று காலை தூறல். பொன்னுமில்லை, வெள்ளியுமில்லை.]

இரண்டாம் தொடக்கம்: "எர்மிசோன் ஒரு வீட்டோடு மாப்பிள்ளை." உண்மைதான். ஆனால் தமிழ் வாசகர் நீங்கள் உடனே உதட்டைச் சுழிப்பீர்கள். இங்கே எல்லா மாப்பிள்ளையும் வீட்டோடு மாப்பிள்ளைதான் சாமி. வீடு, தோப்பு எல்லாம் பெண்களுடையது. அதிகாரம் பெண்டாட்டியின் அண்ணனுடையது. புருஷன் மரியாதையுள்ள விருந்தாளி. அந்த மரியாதையை அவன் தினமும் சம்பாதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாம் தொடக்கம். இது இருக்கட்டும்:

போன வருஷம் எர்மிசோனின் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் ஓர் ஓட்டைத் தேங்காய் வைக்கப்பட்டது.

அணில் வேட்டைக்குச் சுற்றுப்பட்ட ஊர்க்காரர்கள் காற்றுத் துப்பாக்கியோடு வருவார்கள். தோப்புக்காரர்கள் சோறு போடுவார்கள். அணிலைச் சுடப்போய் யாராவது காயைச் சுட்டுவிட்டால், அந்தக் காயை வீட்டுக்காரி எடுத்துவந்து சுட்டவன் தட்டுக்கு முன்னால் வைப்பாள். திட்ட மாட்டார்கள், அபராதம் கிடையாது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடிக்க வேண்டும், அவ்வளவுதான். கல்யாணமாகி முதல் வேட்டையிலேயே எர்மிசோன் அப்படிச் சாப்பிட்டான். கொண்டுவந்து வைத்தவள் அவன் பெண்டாட்டி.

இந்த வருஷம் அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தட்டுக்கு முன்னால் வெறும் பாய்.*

* அணில் என்றதும் முதுகில் மூன்று கோடு நினைவுக்கு வந்து உங்களுக்கு மனசு கேட்காது. எனக்கும் முதலில் கேட்கவில்லை. இது வேறு சாதி, கோடு கிடையாது, இளங்காயைக் குடைந்து தள்ளிவிடும். ரோஸ்மைனார் வீட்டு அடுப்பு எரிவது தேங்காயால்தான்.

3

இதுவரை எழுதியதை எர்மிசோனுக்கு அவன் பாஷையில் படித்துக் காட்டினேன். அடுத்த வரி, "அவன் துப்பாக்கியை மூன்றில் வைத்துக்கொண்டு கிளம்பினான்" என்றிருந்தது. அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"என்னண்ணே, ஒரு வருஷம் மண்டையை உடைச்சிக்கிட்டேன். நீங்க ஒரே வரியில கிளப்பி விட்டுட்டீங்களே!"

சரி. அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

துப்பாக்கியின் காற்றுக் குழாய்ப் பக்கத்தில், குண்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பவர் திருகு. ஒன்று முதல் ஐந்து வரை. ஒன்று, களஞ்சியத்து எலிக்குப் போதும். மற்றவற்றைச் சோதிக்க, பழைய காய்களை மர உயரத்துக்குச் சமமான தூரத்தில் வேலியில் கட்டித் தொங்கவிட்டுச் சுட்டுப் பார்த்தான். இரண்டில் வைத்தால் குண்டு தேங்காய் நாரிலேயே நின்றுவிடுகிறது. காய்க்கு ஆபத்தில்லை. ஆனால் அந்த உயரத்தில் அணில் சாகாது. காயத்தோடு குருத்துக்குள் ஒளிந்து, கிடந்து துடிக்கும். "அது வேட்டையில்லண்ணே, அக்கிரமம்." நான்கில் ஓடு உடைகிறது. ஐந்தில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே போகிறது.

மூன்றுதான் சரி. தலையில் பட்டால் அணில் அந்த நொடியே விழும். ஆனால் மூன்றுகூட இளங்காயைக் கீறிவிடும். ஆகவே மூன்றில் வைப்பவன் ஒரு சத்தியமும் செய்துகொள்ள வேண்டும்: பின்னால் குலை இருந்தால் சுடுவதில்லை. அணில் தானாக ஓலைத் தண்டுக்கு வரும்வரை காத்திருப்பது. வராவிட்டால் விட்டுவிடுவது.

"இப்ப சரியா எழுதிட்டீங்க," என்றான்.

4

ரோஸ்மைனாரின் அண்ணன் ஜைனிரை முதல் பிரதியில் வில்லனாக்கியிருந்தேன். பெரிய மீசை, உருட்டு விழி, கனத்த குரல்... [அடித்துவிட்டேன். அவருக்கு மீசையே கிடையாது.] தங்கைக்கு ஒன்றென்றால் உயிரை விடுகிற மனுஷர். வாய்தான் சும்மா இருக்காது. வேட்டையன்று காலை புதுத் துப்பாக்கியோடு வந்தார், திருகு ஐந்தில்.

"என்ன மாப்பிள்ளை, மூணுல வச்சிருக்கீங்க? கொசு அடிக்கவா கிளம்பிட்டீங்க?"

"கொசுவுக்கு ஒண்ணே போதும் மச்சான்."

வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஜைனிரும் சிரித்தார். "ஆம்பளை கையில துப்பாக்கி இருந்தா சத்தம் கேக்கணும்யா," என்று சொல்லிக்கொண்டே தோப்புக்குள் நடந்தார்.

5

கிணற்றோர மரம் வீட்டு ஆண்களுக்கென்று விடப்படும். வெளியாள் அதில் சுடுவதில்லை. அன்று அதில் சுடக்கூடியவர்கள் எர்மிசோனும் ஜைனிரும், இரண்டே பேர்.

மரத்தின் உச்சியில் ஒரு கொழுத்த அணில். எர்மிசோன் குறி வைத்தான். தலை தெளிவாகத் தெரிந்தது. தலைக்குப் பின்னால் இளங்குலையும் தெரிந்தது. காத்திருந்தான். கழுத்து வலித்தது. அணில் அங்கேயே உட்கார்ந்து நிதானமாகக் கொறித்தது. கடைசியில் துப்பாக்கியை இறக்கிவிட்டான்.

கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ரோஸ்மைனார் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, சுடலையா? நல்லாத்தானே தெரியுது?"

"பின்னால உன் காய் இருக்கு."

அவள் அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவன் எனக்கு விவரிக்க முயன்று தோற்றான். நானும் [இங்கே ஒரு உவமை இருந்தது, எடுத்துவிட்டேன்] தோற்றேன். ஒரு தோப்பையே அவன் பெயருக்கு எழுதிவைத்தாலும் அவனுக்கு அவ்வளவு பெருமை வந்திருக்காது.

அவன் வேறு பக்கம் நடந்த சற்று நேரத்தில் அதே மரத்தடியிலிருந்து 'டப்'பென்று சத்தம். அணில் விழுந்தது. "அப்படிப் போடு!" என்று வந்திருந்தவர்கள் கூச்சல். ஜைனிர் வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். குண்டு எங்கே போனது என்று யாரும் பார்க்கவில்லை.

மதியம் விருந்தாளிகளுக்கு இளநீர் பறிக்கக் அதற்கென்றே பழக்கிய குரங்கை மரமேற்றினார்கள். அது கிணற்றோர மரத்திலிருந்து திருகித் தள்ளிய காய்களில் ஒன்று தண்ணீரை ஒழுகவிட்டுக்கொண்டே விழுந்தது. இந்தப் பக்கம் ஓர் ஓட்டை. அந்தப் பக்கம் ஓர் ஓட்டை.

6

எல்லோரும் பாயில் உட்கார்ந்துவிட்டோம். ரோஸ்மைனார் அடுக்களை வாசலில் அந்தக் காயோடு நின்றாள். விருந்தாளிகள் நாசூக்கானவர்கள், தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடடா... மாப்பிள்ளை, இந்த வருஷமுமா?" என்றார் ஜைனிர். [இந்த வரியை மூன்று முறை அழித்தேன். என்ன செய்ய, சொன்னார். சொன்னதும் அவர் காது சிவந்ததையும் எழுதிவிடுகிறேன்.]

சுவரில் சாய்த்திருந்த துப்பாக்கியைக் காட்டி, "மூணுலதான் இருக்கு, பாருங்க," என்று எர்மிசோன் சொல்லியிருக்கலாம். ஆனால் திருகு யார் விரலுக்கும் திரும்பும். அவன் அந்த மரத்தில் சுடவேயில்லை என்று அறிந்த சாட்சி ரோஸ்மைனார் ஒருத்திதான். அவள் வாயைத் திறந்தால், வெளியூர்க்காரர்கள் முன்னால், சொந்தக் கூடத்தில், குடும்பத் தலைவரான அண்ணன் தலைகுனிவார். திறக்காவிட்டால் புருஷன் இரண்டாம் முறையும் ஓட்டைக் காயைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவான். அவள் காயைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடிப்பதை நான் பார்த்தேன். காயிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

அவனும் பார்த்தான்.

தன் தட்டை எடுத்து ஒரு பக்கமாக நகர்த்தினான். குழம்புக் கிண்ணத்தையும் நகர்த்தினான். எதிரே பாய் காலியானது.

"இங்க இடமிருக்கு ரோஸ்," என்றான். உரக்கவே சொன்னான்.

இதைத் தியாகம் என்று எழுத என் பேனா துடித்தது. இல்லை, இது சுத்தமான கர்வம்! காலையில் பார்க்க வேண்டியவள் பார்த்துவிட்டாள். இனி ஊரே தேங்காயைக் குவித்து வைத்தாலும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்து இன்னொரு கவளம் கேட்பான்.

7

முடிவு அ: அவள் காயைப் புருஷன் முன்னால் வைத்தாள். அண்ணன் மானம் தப்பியது. [அடித்தேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.]

முடிவு ஆ: அவள் காயை அண்ணன் முன்னால் வைத்தாள். நியாயம் வென்றது, எல்லோரும்... [அடித்தேன். அவள் அப்படிப்பட்டவளும் இல்லை.]

முடிவு இ-யை எழுதிக்கொண்டிருந்தேன். அதற்குள், எழுதுகிறவனைக் கேட்காமலே, ஜைனிர் ஒரு காரியம் செய்துவிட்டார். வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் தட்டில் போட்டார். மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு தன் தட்டைப் பிடித்துச் சரக்கென்று ஓரமாக இழுத்தார். குழம்பு பாயில் சிந்தியது.

"இங்கேயும் இடமிருக்கு," என்றார்.

இரண்டு ஆண்கள், இரண்டு காலி இடங்கள். ரோஸ்மைனார் இவனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் காயை இப்போது இரண்டு கையாலும் அசையாமல் பிடித்திருந்தாள்.

"நான் என்ன பண்ண? ஒரே ஒரு காய்தானே இருக்கு," என்றாள்.

அவள் அதை எங்கே வைத்தாள் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். வாசகரே, கையை நீட்டுங்கள். காயை உங்களிடம் தருகிறேன். ஈரமாக இருக்கும், பார்த்துப் பிடியுங்கள். அவசரப்பட வேண்டாம். இரண்டு பேரும் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.